‘கைன்ட்’ வந்தால் பின்னால் ‘ஆஃப்’ வருமா, ‘டு’ வருமா?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். வெளிநாட்டு விருந்தினர்களுக்கு ஆங்கிலக் கடிதங்களை நான்தான் எழுதுகிறேன். ‘குட்’, ‘ஃபேமஸ்’, ‘கைன்ட்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் எந்தப் பிரிபொசிஷனைப் போடுவது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறேன். இதற்கு விதி உண்டா? இரண்டு கடிதங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: எல்லாவற்றுக்கும் பொருந்தும் விதி இல்லை. இருக்கிறது என்று சொல்லி விற்கும் கையேடுகளை வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். பெயரடையையும் அதன் பிரிபொசிஷனையும் சேர்த்து ஒரே சொல்லாகப் பாடம் செய்வதுதான் வழி. உங்கள் பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன: தமிழ் வேற்றுமை உருபைக் கையோடு ஆங்கிலத்துக்குக் கூட்டிப்போகிறீர்கள்.

‘எங்கள் சமையல்காரர் சமையலில் கெட்டிக்காரர்’ என்று மனத்தில் ஓடியிருக்கிறது. அந்த ‘இல்’தான் ‘குட் இன் குக்கிங்’ ஆகிவிட்டது. திறமையைச் சொல்லும்போது ‘குட் அட்’ என்றே எழுத வேண்டும். ‘பேட்’, ‘பிரில்லியன்ட்’ ஆகியவையும் அப்படித்தான். கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்பதற்கு ‘குட் ஃபார்’ என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. குழந்தைகளிடம் நன்றாகப் பழகுபவர் என்றால் ‘குட் வித் சில்ட்ரன்’.

சில இடங்களில் உருபு கைகொடுத்துவிடுவதுதான் தொல்லை. ‘ஆத்தங்குடி தரைக்கற்களுக்குப் பெயர்போனது’ என்பது ‘ஃபேமஸ் ஃபார்’ என்று ஒழுங்காக வந்திருக்கிறது. அதே ‘கு’வை நம்பி ‘காரைக்குடிக்குப் பக்கத்தில்’ என்பதை ‘நியர் டு காரைக்குடி’ ஆக்கியிருக்கிறீர்கள். ‘நியர் காரைக்குடி’ போதும். ‘டு’ வேண்டும் என்றால் ‘க்ளோஸ் டு’ என்று எழுதுங்கள். மகளைப் பற்றிய வரியில் ‘மேரீட் வித்’ என்பது தவறு. ‘மருத்துவருக்குக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்’ என்று வீட்டில் பேசுவதுபோல் நினைத்திருந்தாலே ‘டு’ கிடைத்திருக்கும்!

பர்மா தேக்குத் தூண்களைப் பற்றிய வரியில் ‘சுப்பீரியர் தேன்’ என்று இருக்கிறது. ‘மற்ற மரங்களைவிட’ என்ற ‘விட’ செய்த வேலை அது. விதி இல்லை என்றேனே, இங்கே மட்டும் சின்னதாக ஒன்று உண்டு. ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’, ‘சீனியர்’, ‘ஜூனியர்’ ஆகியவை லத்தீனிலிருந்து வந்த ஒப்பீட்டுச் சொற்கள். இவை நான்கும் ‘டு’வைத்தான் ஏற்கும்.

இனி நீங்கள் முக்கியமாகக் கேட்ட ‘கைன்ட்’. புகைப்படங்கள் அனுப்பிய விருந்தினருக்கு நன்றி சொல்ல, ‘இட் வாஸ் கைன்ட் டு யூ டு சென்ட் த ஃபோட்டோஸ்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சொல்லில் ‘டு’வுக்குப் பின் வருபவர் நல்லதைப் பெற்றவர், ‘ஆஃப்’புக்குப் பின் வருபவர் அதைச் செய்தவர். நீங்கள் எழுதியபடி படித்தால், படங்களை அனுப்பிய சிரமமும் அவருக்கு, உபகாரம் பெற்ற கடனும் அவருக்கே என்றாகிவிடும். ‘இட் வாஸ் கைன்ட் ஆஃப் யூ டு சென்ட் த ஃபோட்டோஸ்’ என்று மாற்றுங்கள். அவர் உங்கள் குடும்பத்தாரிடம் அன்பாக இருந்தார் என்றால் ‘யூ வேர் கைன்ட் டு அஸ்’. ‘நைஸ்’, ‘ஜெனரஸ்’, ‘ரூட்’ ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். கடைசிச் சொல்லை நீங்கள் பயன்படுத்த நேராமல் இருக்கட்டும்.

புகார்க் கடிதம் வந்தால் ஆள்மேல் கோபத்துக்கு ‘ஆங்ரி வித்’, விஷயத்தின்மேல் கோபத்துக்கு ‘ஆங்ரி அபௌட்’. ‘டிஃபரன்ட்’டுக்குப் பின்னால் ‘ஃப்ரம்’ போடுங்கள். பிரிட்டனில் ‘டு’வும் அமெரிக்காவில் ‘தேன்’னும் புழங்கினாலும், இரு நாட்டாரும் குறை சொல்லாதது இதுதான்.

பிரிபொசிஷனை அடுத்து வினை வந்தால் ‘இங்’ சேர்க்க வேண்டும்: ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’. ‘டு’ இருந்தால் மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள், எல்லா ‘டு’வும் பிரிபொசிஷன் அல்ல. காரம் சாப்பிட்டுப் பழகாதவர்களைப் பற்றி ‘நாட் யூஸ்ட் டு ஈட் ஸ்பைசி ஃபுட்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே அது பிரிபொசிஷன், ‘ஈட்டிங்’ வேண்டும்.

ஐயம் வந்தால், ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வந்திருக்கும் அகராதிகளைப் பாருங்கள். பொருளோடு நிறுத்தாமல், சொல்லுக்கு எந்தப் பிரிபொசிஷன் என்பதையும் அவை காட்டும். உங்கள் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் பெயரடைகளை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டைப் பற்றிய ஒரு வாக்கியத்தோடு எழுதிவைத்தால் அடுத்த கடிதத்துக்கு அப்படியே எடுத்தாளலாம்.