ஒரு நாள் கூலியும் ஒரு மாதக் குளிசையும்

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 32. ஒட்டுசுட்டானுக்கு உட்புறமாக உள்ள ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். ஆறு வருடங்களுக்கு முன்னர் மகள் வயிற்றில் இருந்தபோது பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதம் போவதாகச் சொல்லி, எட்டாம் மாதத்திலேயே பிள்ளையை எடுத்தார்கள். சென்ற வருடம் காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் 152/98 என்றார்கள். வேறொரு நாள் அளந்தபோதும் அப்படியே இருந்ததால், கிளினிக் கொப்பி போட்டுக் குளிசை தந்தார்கள். கிளினிக்குக்குப் போவதென்றால் விடியற்காலை பஸ் எடுத்துப் பின்னேரம்தான் திரும்ப முடியும். அன்றைய கூலியும் இல்லை. தலையிடியோ தலைச்சுற்றோ இல்லாதபடியால் மூன்று மாதங்களாகப் போகவில்லை. பக்கத்து வீட்டு மாமிக்கும் இதே வருத்தம் என்பதால், அவருடைய லொசாட்டன் குளிசையில் இடைக்கிடை ஒன்று வாங்கிப் போடுகிறேன். இன்னொரு பிள்ளை பெற ஆசைப்பட்டு, குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையைச் சென்ற மாதம் நிறுத்திவிட்டேன். இந்த வயதில் பிரஷருக்கு மருந்து கட்டாயம் தேவையா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, மாமியின் குளிசையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பிள்ளைப்பேற்றுக் காலம் கடந்துவிட்ட அவருக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் கருவுற்ற பெண் லொசாட்டனையோ எனலாபிரிலையோ எடுத்தால், குறிப்பாக நான்காம் மாதத்துக்குப் பின்னர், சிசுவின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீரும் வற்றக்கூடும். மாதவிலக்கு ஒரு வாரமேனும் பிந்தியிருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய்து பாருங்கள். உங்கள் கொப்பியில் என்ன மருந்து எழுதியிருக்கிறது என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. அதுவும் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஆகவே "பிள்ளை பெற விரும்புகிறேன்" என்பதை வைத்தியரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மெதில்டோபா, நிஃபெடிபின் போன்ற, கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடிய மருந்துக்கு அவர் மாற்றித் தருவார்.

மருந்து தேவையா என்ற கேள்விக்கு, தேவை என்பதே என் பதில். 140/90க்கு மேலான அளவு வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்டால், வயது முப்பதாயினும் அறுபதாயினும் அது உயர் இரத்த அழுத்தம்தான். தலையிடி இல்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இந்த நோய் பெரும்பாலும் எந்த அறிகுறியையும் காட்டாமலேயே மூளையையும் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. முதல் கர்ப்பத்தில் உங்களுக்கு ஏற்பட்டது போன்ற அழுத்தம் கண்ட பெண்களுக்கு, பிற்காலத்தில் மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. இளவயதில் அழுத்தம் கூடினால் சிறுநீரகத்தையும் சோதிக்க வேண்டும். வவுனியாப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவலாக உள்ளதை நம்மவர்கள் அறிவார்கள். எனவே கிரியேற்றினின் இரத்தப் பரிசோதனையையும் சிறுநீர்ப் புரதப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வன்னியின் ஒரு சிறிய வைத்தியசாலையில் நான் கடமையாற்றியபோது, ஒரு தாய் தன் குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒன்றுவிட்டொரு நாளுக்கென முந்தானையில் முடிந்து வைத்திருந்ததைக் கண்டேன். ஒரு மாத மருந்தை இரண்டு மாதத்துக்கு நீட்டினால், ஒரு நாள் கூலி மிஞ்சும் என்பது அவருடைய கணக்கு. அவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. உங்களையும் கடிந்துகொள்ளப் போவதில்லை. மருந்து இலவசம் என்றாலும், அதை வாங்கப் போகும் நாள் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதைச் சுகாதாரத் துறையில் உள்ள நாங்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை.

ஆயினும் உங்களுக்கு வழி இருக்கிறது. மாவட்ட வைத்தியசாலையில் கொப்பி இருந்தால், கடிதம் பெற்று அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் கிளினிக்குக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். உங்கள் கிராமத்துக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தரிடம், நீங்கள் 'மிஸ்' என்று அழைப்பவரிடம், பிள்ளை பெறும் எண்ணத்தை இப்போதே தெரிவித்து ஃபோலிக் அமிலத்தைத் தொடங்குங்கள். அழுத்தம் கட்டுப்பாட்டுக்குள் வந்து மருந்து மாற்றப்படும்வரை கருத்தடை அவசியம். ஆனால் பழைய குளிசைக்குத் திரும்ப வேண்டாம். வழக்கமான கருத்தடைக் குளிசையிலுள்ள ஈஸ்ட்ரோஜன் அழுத்தத்தைக் கூட்டக்கூடியது. ஆணுறையோ செப்பு லூப்போ உங்களுக்குப் பொருந்தும். கருத்தரித்ததும் பிந்தாமல் பதிவு செய்யுங்கள். முதல் பேற்றில் இருந்த நிலை திரும்பாதிருக்க, பன்னிரண்டாம் வாரம் முதல் குறைந்த அளவு அஸ்பிரின் தருவது வழக்கம்.

நான்கு கட்டை சைக்கிள் மிதித்து வந்த களைப்போடு உடனே கையை நீட்டாதீர்கள். ஐந்து நிமிடம் அமர்ந்து ஆறிய பின்னர் அளக்கச் சொல்லுங்கள். உப்பு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டிக்குள் நிற்க வேண்டும். கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் அந்தக் கணக்கில் சேரும்.

கேள்வி: பிள்ளை பிறந்து ஐந்தாம் நாள் என் மனைவிக்குக் கடும் தலையிடி வந்து கண் மங்கியது. நித்திரை இல்லாததால்தான் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். மறுநாள் வலிப்பு வந்தது, வைத்தியசாலையில் காப்பாற்றினார்கள். பிள்ளை பிறந்த பிறகும் பிரஷர் வருமா?
– ஒரு கணவர், பூநகரி

பதில்: வரும், தம்பி. பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரையில்தான் அழுத்தம் பெரும்பாலும் உச்சத்துக்குப் போகிறது. ஆறு வாரங்கள் வரையில் இந்த அபாயம் உண்டு. கர்ப்ப காலத்தில் அழுத்தமே இல்லாதிருந்தவர்களுக்கும் இது நேரலாம். விடாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சு முட்டல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், இரவானாலும் காத்திருக்காமல் 1990 இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். அளவு 160/110ஐத் தொட்டால் அது அவசர நிலை.

உங்கள் மனைவிக்கு ஆறாம் வாரத்திலும் மூன்றாம் மாதத்திலும் அழுத்தத்தை அளக்க வேண்டும். தடுப்பூசி போடப் பிள்ளையைக் கொண்டுபோகும் நாட்களில் எல்லோரும் பிள்ளையையே நிறுத்துப் பார்ப்பார்கள். தாயின் கையிலும் ஒருமுறை பட்டியைச் சுற்றி அளக்கும்படி நீங்களே கேளுங்கள். அந்த அளவைத் திகதியோடு எழுதி வாங்கி, அடுத்த கர்ப்பத்தின் முதல் பதிவின்போது அந்தத் துண்டைக் காட்டுங்கள்.