கல்ச்சரில் கிருமி இல்லை, வலி மட்டும் போகவில்லை

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் ஒரு கிராமம். வயது 44. கதிர் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறேன். ஒன்றரை வருஷமாக அடிவயிற்றிலும் விதைப்பைக்குக் கீழேயும் மந்தமாக வலிக்கிறது. மணிக்கு ஒரு தடவை சிறுநீர் முட்டுகிறது, ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்திருக்கிறேன். போய்விட்டு வந்த பிறகும் சொட்டுகிறது. புராஸ்டேட்டில் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) அழற்சி என்று மூன்று முறை ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது பரவாயில்லை, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சரில் கிருமி இல்லை, ஸ்கேனும் நார்மல். இன்னொரு கோர்ஸ் சாப்பிடலாமா? இது கேன்சரில் கொண்டுபோய் விடுமா?

பதில்: கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்திருக்கும், அதை முதலில் முடித்துவிடுவோம். இந்த அழற்சி புற்றுநோய் அல்ல. நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி புற்றுநோயாக மாறும் என்பதற்கு உறுதியான ஆதாரமும் இல்லை. யாராவது பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டில் சுரக்கும் ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை எடுத்து, அளவு கூடுதலாக வந்தால் உடனே பதறாதீர்கள். அழற்சி இருந்தாலே அது ஏறலாம். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும்.

சரி, இன்னொரு கோர்ஸ்? வேண்டாம். புராஸ்டேட் அழற்சியை நான்கு வகையாகப் பிரிக்கிறோம். குளிர் காய்ச்சலோடு திடீரென வருவது ஒன்று. கிருமி உள்ளேயே தங்கி அடிக்கடி தலைகாட்டுவது இரண்டாவது. கிருமி இல்லாமலே மாதக்கணக்கில் வலியும் சிறுநீர்த் தொல்லையும் கொடுப்பது மூன்றாவது. எந்தத் தொந்தரவும் தராமல், வேறு எதற்கோ பரிசோதிக்கும்போது தெரியவருவது நான்காவது. இந்த நோயோடு வருகிறவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மூன்றாவது வகைதான். நீங்கள் எழுதியிருப்பதும் அப்படித்தான் இருக்கிறது.

‘கிருமி இல்லையென்றால் மாத்திரை சாப்பிடும்போது மட்டும் ஏன் குறைந்தது?’ என்று கேட்பீர்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளுக்குக் கிருமியைக் கொல்வதோடு அழற்சியைக் கொஞ்சம் தணிக்கும் குணமும் உண்டு. தவிர, இந்த வலி தானாகவே ஏறி இறங்கும் வலி. அதற்காகத் திரும்பத் திரும்ப விழுங்கினால், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணையே பாதிக்கலாம். சேற்றில் இறங்கி வேலை பார்க்கிற ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால், டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்தித் தடவுவதற்கு முன்னும் பின்னும் சிறுநீர் எடுத்து இரண்டையும் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதிலும் கிருமி இல்லையென்றால் ஆன்டிபயாடிக் அத்தியாயம் முடிந்தது.

அப்புறம் வலி எங்கிருந்து வருகிறது? உங்கள் வயதில், உங்கள் வேலையில், நான் முதலில் சந்தேகப்படுவது இடுப்புத்தளத் தசைகளைத்தான், அதாவது சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் கீழிருந்து தாங்கும் தசைகளை. நாள் முழுக்க முஷ்டியை இறுக்கியே வைத்திருந்தால் கை எப்படி வலிக்குமோ, அப்படித்தான் அந்தத் தசைகளும். பெல்ட் வைத்த அறுவடை வண்டியில் ஏறினால் இறங்காமல் மணிக்கணக்கில் அதிர்வோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், சிறுநீரை அடக்குகிறீர்கள், பயத்தில் அறியாமலே கீழே இறுக்கிப் பிடிக்கிறீர்கள். போதாக்குறைக்கு, செல்போனில் யாரோ சொன்னார்கள் என்று ‘இறுக்கி விடும்’ பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார்கள் பலர். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் தசைக்கு அது வேண்டாத வேலை. உங்களுக்கு வேண்டியது தளர்த்தும் பயிற்சி: குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வயிறு உப்ப மெதுவாக மூச்சை இழுத்து, விடும்போது ஆசனவாய்ப் பகுதியைத் தொங்கவிடுவதுபோல் விடுங்கள். காலையும் மாலையும் ஐந்து நிமிடம் போதும். ஒரு பிசியோதெரபிஸ்டிடம் நேரில் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. ராத்திரி ஒரு பேசினில் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, கால் மணி நேரம் இடுப்பு நனைய உட்காருங்கள். வண்டி சீட்டில் நல்ல குஷன் போடுங்கள், மணிக்கு ஒரு தடவை இறங்கி நாலடி நடங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் கவனியுங்கள், அது இந்த வலியைக் கிளறிவிடும்.

சிறுநீர் விஷயத்தில் மருந்துக்கு முன்னால் ஒரு நோட்டு வேண்டும். மூன்று நாள், ஒரு அளவுக் கோப்பையில் பிடித்து எத்தனை மணிக்கு எத்தனை மில்லி என்று எழுதுங்கள். ஒவ்வொரு தடவையும் 100, 150 மில்லிதான் என்றால் சிறுநீர்ப்பை கெட்ட பழக்கத்துக்கு ஆளாகிவிட்டது என்று பொருள். பெரியவர்களின் சிறுநீர்ப்பை 300, 400 மில்லி தாராளமாகத் தாங்கும். மாறாக, ஒரு நாளைக்கு மொத்தம் 3 லிட்டரைத் தாண்டினால் புராஸ்டேட்டை விட்டுவிட்டு முதலில் சர்க்கரையைப் பாருங்கள். பை பழக்கம்தான் என்றால், முட்டியதும் ஓடாமல் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அது பழகியதும் இன்னும் பத்து நிமிடம். சில வாரங்களில் இரண்டரை மூன்று மணி நேர இடைவெளிக்கு வந்துவிடலாம். வலி வருமளவுக்கு அடக்க வேண்டாம்.

ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரையே குறைப்பது நம் பக்கத்து ஆட்களின் பழக்கம். சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் எரிச்சலாக்கும். பகலில் பரவலாகக் குடியுங்கள், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு நிறுத்துங்கள். காபியைக் குறைக்கத்தான் வேண்டும். டிகிரி காபி ஊரில் உட்கார்ந்துகொண்டு முழுசாக விடச் சொல்ல எனக்கும் மனசு வராது. காலையில் ஒன்று, அவ்வளவுதான். மதுவும் அதிகக் காரமும் சிலருக்கு ஆகாது, உங்களுக்கு எப்படி என்று நோட்டைப் பார்த்தாலே தெரியும். நீர்க்கடுப்புக்குக் கால் பெருவிரலில் சுண்ணாம்பு தடவுவது இந்த வலிக்கு உதவாது. மோரும் இளநீரும் தாராளமாகக் குடிக்கலாம்.

நாளெல்லாம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் காலில் தங்கும் நீர், படுத்ததும் சிறுநீராக இறங்கும். சாயங்காலம் அரை மணி நேரம் காலை உயர்த்தி வைத்துப் படுங்கள். சொட்டுவதற்கு: போய் முடித்ததும் விதைப்பைக்குப் பின்னாலிருந்து விரலால் முன்பக்கமாக அழுத்தித் தள்ளினால் குழாயில் நின்ற மிச்சம் வந்துவிடும்.

மருந்தில், தாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் பலருக்குச் சிறுநீர்ப் போக்கை எளிதாக்கும். டாக்டர் எழுதிக்கொடுத்தால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். எழும்போது தலை சுற்றலாம், மெதுவாக எழுங்கள். விந்து குறையலாம், பயப்பட வேண்டாம். கண்புரை ஆபரேஷனுக்குப் போகும் காலம் வந்தால் கண் டாக்டரிடம் இந்த மாத்திரை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வலி மாத்திரையைக் கடையில் நீங்களே வாங்கி மாதக்கணக்கில் போடாதீர்கள். வெயிலில் வேர்த்து வேலை செய்கிறவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகலாம். இந்த வகை அழற்சி மனைவிக்குத் தொற்றாது, தாம்பத்தியத்தை நிறுத்தத் தேவையில்லை.

குளிர் காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், முட்டியும் ஒரு சொட்டும் வராமல் அடைத்துக்கொள்வது: இவற்றில் எது வந்தாலும் அன்றே தஞ்சாவூரோ திருவாரூரோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தை, மாசியில் சம்பா அறுவடைப் பனியில் சளி பிடித்தால், இருக்கிற சளி மாத்திரையைப் போட்டுவிடாதீர்கள். மூக்கடைப்புக்கான பல மாத்திரைகள் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கிவிடும். புராஸ்டேட் தொந்தரவு இருக்கிறது என்று மெடிக்கலில் சொல்லிவிட்டே வாங்குங்கள்.