பாக்கி தராத பார்ட்டியின் கல்யாண போட்டோக்களைப் பிடித்து வைக்கலாமா?

கேள்வி: திண்டுக்கல்லில் ஆறு வருஷமாகக் கல்யாண போட்டோகிராபி செய்கிறேன். தை மாசம் ஒரு கல்யாணம். கேண்டிட் (போஸ் கொடுக்காமல் இயல்பாக எடுக்கும் படங்கள்), டிரெடிஷனல் வீடியோ, ரெண்டு ஆல்பம் சேர்த்து 1,60,000 ரூபாய் பேசினோம். அக்ரிமென்ட் கிடையாது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷன் மட்டும்தான். 1,00,000 வந்துவிட்டது. தாய்மாமன் பெண்ணுக்கு மாலை போட்டுப் பட்டம் கட்டிய நேரத்தில் என் கேண்டிட் பையன் மாப்பிள்ளை ரூமில் இருந்தான், போட்டோ இல்லை. ஆல்பமும் லேட். இப்போது பெண்ணின் அப்பா, "பாக்கி 60,000 தர மாட்டேன், ரா ஃபைலோடு (எடிட் செய்யாத ஒரிஜினல் படங்கள்) ஹார்ட் டிஸ்க்கைக் கொடு, இல்லையென்றால் கன்ஸ்யூமர் கோர்ட்" என்கிறார். பணம் வரும்வரை எல்லாவற்றையும் பிடித்து வைக்கலாமா?

பதில்: வேண்டாம். நானும் ஆரம்ப காலத்தில் 18,000 ரூபாய் பாக்கிக்காக ஒரு வீட்டு ஆல்பத்தைப் பதினோரு மாசம் கடையிலேயே வைத்திருந்தேன். கடைசியில் பணம் வந்தது. ஆனால் அந்தத் தெருவிலிருந்து இன்றுவரை ஒரு புக்கிங் வரவில்லை. அது தொழில் நஷ்டம். சட்டத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது: 1,00,000 வாங்கிக்கொண்டு ஒரு படம்கூடத் தரவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. பாக்கி கேட்கும் நீங்கள் ஒரே நாளில் பதில் சொல்ல வேண்டியவர் ஆகிவிடுவீர்கள்.

கன்ஸ்யூமர் கோர்ட் என்பது வெறும் மிரட்டல் என்று விட்டுவிடாதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பார்ட்டி தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவையில் இருந்தால் நீங்கள்தான் கோவைக்கு அலைய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் 30 நாளில் பதில் போட வேண்டும். நுகர்வோர் ஆணையம் (அதுதான் கன்ஸ்யூமர் கோர்ட்) மனம் வைத்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. நம் தொழிலில் பலர் கோட்டை விடுவது இங்கேதான். நோட்டீஸைப் பிரித்துப் பார்த்து டிராயரில் போட்டுவிடுகிறார்கள்.

அக்ரிமென்ட் இல்லையே என்று பயப்படவும் வேண்டாம். கொட்டேஷன், அதற்கு அவர் போட்ட "ஓகே", அட்வான்ஸ் வந்த ஜிபே ரசீது மூன்றும் சேர்ந்தால் அதுவே ஒப்பந்தம். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் இப்படிப்பட்ட வேலைக்குப் பத்திரம் கேட்பதில்லை. அதனால் அந்த வாட்ஸ்அப் சாட்டில் ஒரு வரியைக்கூட அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். கோபத்தில் நீங்கள் ஏதாவது அனுப்பியிருந்தாலும் அது அப்படியே இருக்கட்டும்.

ரா ஃபைல் விஷயத்தில் "நான் எடுத்த படம், என்னுடையது" என்று மட்டும் வாதாடாதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் (காப்பிரைட்) 17-ஆவது பிரிவைப் பலர் படித்ததே இல்லை. ஒருவர் சொல்லி, காசு கொடுத்து எடுக்கப்பட்ட போட்டோவுக்கு, வேறு மாதிரிப் பேசிக்கொள்ளாத வரை, முதல் உரிமையாளர் காசு கொடுத்தவர்தான். அவர் அனுமதி இல்லாமல் உங்கள் இன்ஸ்டாவில் போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். ரா ஃபைல் தருவதாகக் கொட்டேஷனில் இல்லை என்றால், "நாம் பேசியது எடிட் செய்த படங்கள்தான் சார்" என்ற அளவில் நிறுத்துங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால், பேச்சு முடிய வேண்டும் என்பதற்காக, ஹார்ட் டிஸ்க்கை அவர் வாங்கித் தந்தால் காப்பி போட்டுக் கொடுத்துவிடுவேன்.

இப்போது முக்கியமான விஷயம். தாய்மாமன் மாலை போடுவது ஒரு சடங்கு என்பதோடு முடிகிற விஷயமில்லை. அந்த மனிதருக்குச் சபையில் கிடைக்கும் மரியாதை அது. ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான். பெண்ணின் அப்பாவை அவர் மனைவியும் மச்சானும் தினம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் கோபத்தில் பாதி அங்கிருந்து வருகிறது.

கேண்டிட் பையன் இல்லை, சரி. வீடியோக்காரர் எங்கே இருந்தார்? பெரும்பாலும் மேடையிலேயே டிரைபாட் போட்டு நின்றிருப்பார். அந்த கிளிப்பைத் தேடுங்கள். 4கே-யில் எடுத்திருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் 3840 பிக்சல் அகலம். 12 இஞ்ச் அகலத்துக்குப் பிரிண்ட் போட்டால் 320 டிபிஐ (ஒரு இஞ்சுக்கு 320 புள்ளி) வரும், ஆல்பத்துக்குத் தாராளம். வீடியோவில் ஷட்டர் வேகம் 1/50 நொடியை ஒட்டி இருப்பதால் மாலை கழுத்துக்குப் போகிற நொடி கலங்கித்தான் இருக்கும். மாலை விழுந்த பிறகு இருவரும் ஒரு கணம் அசையாமல் நிற்பார்கள் பாருங்கள், அந்த ஃபிரேமை எடுங்கள். எச்டி-யில் எடுத்திருந்தால் சின்ன சைஸில் மூன்று நான்கு படமாக ஒரே பக்கத்தில் வைக்கலாம்.

அப்புறம்தான் பதில். போனில் பேசாதீர்கள், குரல் உயரும். இப்படி எழுதி அனுப்புங்கள்:

"வணக்கம் சார். தாய்மாமன் மாலை போட்ட நேரத்தில் எங்கள் ஸ்டில் கேமரா அங்கே இல்லை, அது எங்கள் தவறு. வீடியோவிலிருந்து எடுத்த 6 படங்களை இதோடு அனுப்புகிறேன். ஆல்பத்தில் அவற்றுக்கு ரெண்டு பக்கம் கூடுதலாகச் சேர்க்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். பாக்கி 60,000-இல் 12,000 குறைத்துக்கொள்கிறேன், மீதி 48,000. எல்லாப் படங்களும் இந்த லிங்க்கில் இருக்கின்றன. செலக்‌ஷன் (ஆல்பத்துக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த படங்களின் லிஸ்ட்) வந்த 30 நாளில் டிசைன் அனுப்புகிறேன். டிசைன் ஓகே ஆகி 48,000 வந்ததும் பிரிண்டுக்குப் போகும்."

12,000 என்பது என் கணக்கு; உங்கள் கொட்டேஷனைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். தவறை எழுத்தில் ஒத்துக்கொள்ளலாமா என்று தயங்குவீர்கள். படம் இல்லை என்பது இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்ததுதானே, மறைக்க ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுங்கள், அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். வக்கீல் நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் மட்டும் இதை அனுப்பாமல் முதலில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஆல்பம் லேட் ஆனதற்குச் செலக்‌ஷன் தாமதமாக வந்தது காரணம் என்றால், அவர்கள் லிஸ்ட் அனுப்பிய தேதியைக் குறிப்பிடுங்கள், குத்திக்காட்டாமல்.

அவர் இறங்கி வரவில்லை என்றால், 60,000-க்காக சிவில் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன், மூன்று வருஷம் அவகாசம் இருந்தாலும். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வழக்குக்கு முந்தைய மனு என்று எழுதிக் கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை. இருவரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அங்கே நடக்கும் லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது.

அடுத்த கல்யாணத்துக்கு ஒரு பக்க அக்ரிமென்ட் போதும். ஆல்பம் நாள் கணக்கு கல்யாணத் தேதியிலிருந்து ஓடாமல், செலக்‌ஷன் வந்த தேதியிலிருந்து ஓடட்டும். பிரிண்டுக்கு முன் முழுப் பணம், ரா ஃபைல் உண்டா இல்லையா, படத்தை நீங்கள் போட்டுக்கொள்ளலாமா என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும்விட, சடங்கு லிஸ்டைப் பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். "மாமா யாரு, அத்தை யாரு" என்று காட்ட வீட்டுக்கு ஒருவர் கேமராமேன் பக்கத்தில் நிற்க வேண்டும், அவர் பெயரும் நம்பரும் அந்தத் தாளில் இருக்கட்டும். அதிகாலை முகூர்த்தத்தில் ஐயர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார்.

இன்று இரவு அந்த வீடியோ கிளிப்பைத் திறந்து பாருங்கள். படம் கிடைத்தால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போங்கள், தாய்மாமனையும் வரச் சொல்லிவிட்டு.