மறு: ஹைப்பேஷியாவோடு அலெக்சாண்டிரியாவில் மெய்யியல் முடிந்ததா?

வணக்கம். கி.பி. 415-இல் மெய்யியலாளரும் கணித அறிஞருமான ஹைப்பேஷியா கொல்லப்பட்டதோடு எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் கிரேக்க மெய்யியல் முடிந்தது என்று நீங்கள் எழுதிய கட்டுரையை ஆசிரியர் ஏன் திருப்பினார் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கொலையின் கொடூரத்தைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதற்குப் பின்னும் அங்கே பாடம் நிற்கவில்லை. ஏதென்ஸில் பிளேட்டோ மரபின் மெய்யியலாளர் புரோக்லஸிடம் பயின்று திரும்பிய அம்மோனியஸ் பல ஆண்டுகள் அரிஸ்டாட்டிலைக் கற்பித்தார். அவரிடம் படித்த கிறிஸ்தவரான ஜான் ஃபிலோபோனஸ், உலகம் தொடக்கமற்றது என்ற புரோக்லஸின் வாதத்தை மறுத்து 529-இல் நூல் எழுதினார். ஏதென்ஸில் மெய்யியல் கற்பிப்பதை ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் தடைசெய்ததும் அதே ஆண்டுதான் என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது. கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய சமயத்தைக் கைவிடாத மெய்யியலாளர் ஒலிம்பியோடோரஸ், அதன் பிறகும் அலெக்சாண்டிரியாவில் கிறிஸ்தவ மாணவர்கள் நிறைந்த வகுப்பில் பிளேட்டோவை விளக்கினார். இவர்களோடு, அந்நகரின் கோம் எல்-டிக்கா பகுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட விரிவுரைக் கூடங்களையும் சேர்த்து, மெய்யியல் முடிந்தது என்று சொல்லும் பத்தியைத் திருத்தி எழுதுங்கள்.