நாற்பது மந்திர வட்டங்களையும் திரும்ப வரைய வேண்டுமா?

கேள்வி: அனிமே பாணியில் ஒரு மாயாஜாலச் சித்திரக்கதையை ஓராண்டாக இணையத்தில் வெளியிட்டு வருகிறேன். கதாநாயகி சுண்ணக்கட்டியால் தரையில் வட்டம் வரைந்து மந்திரம் செய்பவள். ‘பழங்கால மந்திரச் சின்னங்கள்’ என்று விற்கப்பட்ட ஒரு தொகுப்பை விலைக்கு வாங்கி, அதிலிருந்து இதுவரை 40 வட்டங்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். அர்த்தம் தெரியாமல் சின்னங்களைப் போட்டிருப்பது தவறு என்று ஒரு வாசகர் எழுதுகிறார். 9ஆம் அத்தியாயத்தில் அவள் வட்டம் வரையாமலே மந்திரம் செய்துவிட்டது ஏமாற்று வேலை என்று இன்னொருவர் எழுதுகிறார். எல்லாவற்றையும் திரும்ப வரைய வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்களுக்கு எழுதிய இருவரில் முதலாமவரைப் பொருட்படுத்தாதீர்கள். இரண்டாமவர் கேட்டதற்கு மட்டும் பதில் தேடுங்கள். இவர்கள் இருவரையும் விட நீங்கள் வாங்கிய அந்தத் தொகுப்புதான் எனக்குக் கவலை தருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அரகாவா ஹிரோமுவின் ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ கதையில் வரும் உருமாற்ற வட்டங்கள் ஐரோப்பிய இரசவாதக் குறிகளை அடியொற்றியவை. அந்த மரபில் மேல்நோக்கிய முக்கோணம் நெருப்பு, கீழ்நோக்கியது நீர். குறுக்கே ஒரு கோடு விழுந்தால் அவையே முறையே காற்றும் மண்ணும் ஆகும். இவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் 2009இல் தொடங்கிய அனிமேயின் 64 பகுதிகளையும் ஒரு குறியைக்கூடப் படிக்கத் தெரியாமல் பார்த்து முடித்தவர்களுக்குக் கதை எங்கும் தடைபடவில்லை. 2011இல் வந்த ‘மடோகா மாஜிகா’ தொடரில் சூனியக்காரிகளின் மாய உலகங்களுக்குள் வரும் விசித்திர எழுத்துகள் உண்மையில் ஒரு மறைகுறியீடு. ரசிகர்கள் அதை உடைத்துப் பார்த்தபோது உள்ளே ஜெர்மன் வரிகள் இருந்தன. அதைத் தேடியவர்களுக்கு அது பரிசு. தேடாதவர்கள் எதையும் இழக்கவில்லை.

பார்ப்பவர்கள் வட்டத்தில் வேறு மூன்று விஷயங்களைத்தான் படிக்கிறார்கள்: இது யாருடையது, வரைய எவ்வளவு நேரம் ஆகிறது, கோடு அறுந்தால் என்ன ஆகும்.

முதல் கேள்விக்கு வடிவமே விடை சொல்லிவிடும். ‘கார்ட்கேப்டர் சகுரா’வில் மந்திரச் சீட்டுகளை உருவாக்கிய க்ளோவின் வட்டம் சூரியனும் சந்திரனும் கொண்டது, சீட்டுகள் சகுராவின் சொந்தச் சக்திக்கு மாறும்போது வட்டத்தின் நடுவே நட்சத்திரம் வந்து உட்காருகிறது. ‘நனோஹா’ தொடரில் ஒரு மந்திர மரபுக்கு வட்டம், எதிர் மரபுக்கு முக்கோணம். தரையில் எது ஒளிர்கிறது என்று பார்த்தாலே எந்தத் தரப்பு வந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். எனவே உங்களுக்கு 40 வகை வட்டங்கள் தேவையே இல்லை. கதாநாயகிக்கு ஒன்று, அவளுடைய ஆசிரியருக்கு ஒன்று, எதிரிக்கு ஒன்று என்று மூன்று போதும்.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் உயிர்நாடி. ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ கதையின் ராணுவ அதிகாரி ராய் மஸ்டாங்கின் கையுறையை நினைத்துப் பாருங்கள். துணி உரசினால் பொறி பறக்கும். துணியின் மேல் தைத்த வட்டம் காற்றைக் கட்டுப்படுத்தி அந்தப் பொறியை நெருப்பாக்கும். மழையில் நனைந்தால் பொறி வராது. அதை வைத்து அவனுடைய துணை அதிகாரியே அவனைக் கேலி செய்வாள். பிறகு ஓரிடத்தில் கையுறை பயன்படாமல் போய், உடலில் காயத்தோடு கிடக்கும்போது, அவன் தன் புறங்கையில் அந்த வட்டத்தைக் கீறிக்கொண்டு, நண்பனின் லைட்டரிலிருந்து பொறியை எடுத்துக்கொள்கிறான். கையுறை செய்த இரண்டு வேலைகளையும் இரண்டு இடங்களிலிருந்து தனித்தனியே அவன் சேர்க்கிறான் என்பது விளக்கம் இல்லாமலே நமக்குப் புரிகிறது, ஏனென்றால் விதி முன்பே நம் கையில் தரப்பட்டுவிட்டது. அதே கதையில் வரும் அல்ஃபோன்ஸின் நிலை இன்னும் கொடியது: வெற்றுக் கவசத்தின் உட்புறத்தில் அண்ணன் எட்வர்டின் இரத்தத்தால் எழுதிய ஒரு சின்னம்தான் அவன் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது அழிந்தால் அவன் இல்லை.

ஷிராஹாமா காமோமே 2016 முதல் வரைந்து வரும் ‘விட்ச் ஹேட் அட்டேலியர்’ என்ற மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, இதை இன்னும் கறாராகச் செய்கிறது. அங்கே மந்திரம் என்பது மையால் வரைவதுதான். நடுவில் ஒரு சின்னம், சுற்றிலும் திசையும் அளவும் சொல்லும் குறிகள், வெளியே ஒரு வளையம். வளையம் மூடும் கணத்தில் மந்திரம் வேலை செய்யும். மயிரிழை இடைவெளி இருந்தாலும் செய்யாது. பறக்கும் காலணிகளில் ஒவ்வொரு காலணியிலும் பாதி வட்டம் வரையப்பட்டிருக்கும். இரண்டு கால்களையும் சேர்த்தால் வட்டம் முழுமையடைந்து ஆள் மேலே எழும்பும். ஒரு விதியை எடுத்து, அதை அணியும் பொருளாக்கி, பாத்திரத்தின் நடையையே அது மாற்றும்படி செய்திருக்கிறார். இதற்கு எந்தப் பழஞ்சுவடியும் தேவைப்படவில்லை.

அதே கதையின் தொடக்கம் உங்களுக்காகவே எழுதப்பட்டதுபோல இருக்கிறது. கோகோ என்ற சிறுமி, முகமூடி அணிந்த ஒருவரிடம் முன்பு வாங்கிய படப்புத்தகத்தில் இருக்கும் வட்டங்களை, அவை என்னவென்று தெரியாமல் அப்படியே பார்த்து வரைகிறாள். அவளுடைய தாய் கல்லாகிவிடுகிறாள்.

உங்கள் தொகுப்புக்கு வருவோம். இப்படிப்பட்ட தொகுப்புகள் பலவற்றை நான் திறந்து பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லாமே மூன்று குவியல்களின் கலவை. முதல் குவியல், சாலமோன் மன்னரின் பெயரில் வழங்கும் 17ஆம் நூற்றாண்டு மந்திர நூலில் உள்ள 72 ஆவிகளின் முத்திரைகள். இவை யாருக்கும் சொந்தமில்லை. இலவசமாகக் கிடைப்பதற்கு நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். இரண்டாவது குவியல், புகழ்பெற்ற அனிமேக்களிலிருந்து கோடு பிடித்துத் திருடியவை. சிலுவையில் சுற்றிய பாம்பு என்பது 1612இல் பாரிஸில் இரசவாதி என்று கருதப்பட்ட நிக்கோலா ஃபிளமெலின் பெயரில் அச்சான நூலோடு தொடர்புடைய பழைய உருவம், அதை யாரும் வரையலாம். ஆனால் அதன் மேல் கிரீடமும் சிறகும் சேர்ந்து ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ நாயகன் எட்வர்டின் சிவப்பு மேலங்கியில் இருப்பது போலவே உங்கள் தொகுப்பில் இருந்தால், அது ஒரு படைப்பாளியின் வடிவமைப்பு. தன்னுடையதல்லாத ஒன்றுக்கு விற்றவர் எழுதிக் கொடுக்கும் ‘வணிகப் பயன்பாட்டு உரிமம்’ செல்லாது. இதைச் சரிபார்க்க வேண்டிய விற்பனைத் தளங்கள் கமிஷனை எடுத்துக்கொண்டு, புகார் வரும்போது வாங்கியவரின் பக்கத்தை முடக்குகின்றன. விற்றவர் அடுத்த வாரம் வேறு பெயரில் கடை திறக்கிறார். இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிச் சலித்துவிட்டது.

மூன்றாவது குவியல்தான் ஆபத்தானது. ‘பழங்கால ரூன் எழுத்துகள்’ என்று இருந்தால் எண்ணிப் பாருங்கள். ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்துமுறை; அதன் மூத்த வரிசையில் 24 எழுத்துகள் உண்டு. 18 இருந்தால், அது பெரும்பாலும் கைடோ ஃபான் லிஸ்ட் என்ற ஆஸ்திரியர் 1908இல் வெளியிட்ட வரிசையாக இருக்கும். பழமையானதல்ல, இனவாத மறைஞானக் குழுக்களின் சரக்கு. பன்னிரண்டு கரங்கள் கொண்ட சக்கரம் ஒன்று ‘கருஞ்சூரியன்’ என்ற பெயரில் இருந்தால் உடனே நீக்குங்கள்; அது நாஜிகளின் எஸ்.எஸ். படை தன் கோட்டையின் தரையில் பதித்த உருவம். மின்னல் போன்ற இரட்டை ரூனும் அவர்களுடைய சின்னமே. அதைப் பொதுவில் காட்டுவது ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவின்கீழ் குற்றம். இணையத்துக்கு எல்லை கிடையாது. ஜப்பானியர்களே இதில் கவனமாக இருக்கிறார்கள். ‘நருட்டோ’ மங்காவில் நெஜியின் நெற்றியில் இருந்தது பௌத்தக் கோயில்களைக் குறிக்கும் கள்ளமற்ற மஞ்ஜி. அது ஸ்வஸ்திகா போலத் தெரியும் என்பதால் அனிமேயில் பெருக்கல் குறி போன்ற வடிவமானது.

இதோடு இன்னொரு வலையையும் சொல்லிவிடுகிறேன். அனிமே வட்டங்கள் எல்லாம் நம் ஸ்ரீசக்கரத்தைப் பார்த்து வரைந்தவை என்று கட்டணம் வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். 806இல் சீனாவிலிருந்து திரும்பிய கூகாய் என்ற பௌத்தத் துறவி மண்டல ஓவியங்களையும் கைமுத்திரைகளையும் ஜப்பானுக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. நிஞ்சாக் கதைகளின் கைமுத்திரைகளுக்கு அந்த வழியில் ஓர் உறவு உண்டு. ஆனால் தரையில் வரையும் மந்திர வட்டத்தின் மூலம் பெரும்பாலும் ஐரோப்பாதான். அங்கே மந்திரவாதி பாதுகாப்புக்காக வட்டத்துக்குள் நிற்பான். வரவழைத்த ஆவி வெளியே முக்கோணத்தில் நிற்கும். மிசுகி ஷிகேரு 1963இல் வரைந்த ‘அகுமா-குன்’ போன்ற மங்காக்களின் வழியாக ஜப்பானில் வேரூன்றியபோது அது தலைகீழானது: அழைக்கப்பட்டது வட்டத்துக்குள் வந்து நிற்கிறது. ஜப்பானியச் சொல்லான ‘மஹோஜின்’ என்பதில் ‘ஜின்’ என்றால் படை அணிவகுப்பு. உங்கள் வட்டம் காக்கிறதா அழைக்கிறதா என்பதை மட்டும் முடிவு செய்துகொள்ளுங்கள். வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.

மந்திரச் சொல் மட்டும் ஓதும் கதைகளையும், உள்ளங்கைக்கு முன்னால் நான்கு அடுக்கு வளையம் தானாகச் சுழலும் கதைகளையும் இங்கே விட்டுவிடுகிறேன். அந்தச் சுழலும் வளையம் பெரும்பாலும் தயாரிப்புச் சிக்கனம்: ஒருமுறை வரைந்து, கணினியில் சுழற்றி, தொடர் முழுவதும் ஒட்டிக்கொள்ளலாம். அசையாத பக்கத்தில் வரையும் நீங்கள் அதைப் பின்பற்றினால், அவர்களுக்குக் கிடைத்த மிச்சமும் உங்களுக்குக் கிடைக்காது, அசைவின் அழகும் கிடைக்காது.

இனி உங்களுடைய 9ஆம் அத்தியாயம். வட்டம் இல்லாமல் மந்திரம் செய்யலாமா என்றால், செய்யலாம். எட்வர்ட் எல்ரிக் முதல் பகுதியிலிருந்தே அதைத்தான் செய்கிறான். இரண்டு கைகளையும் தட்டித் தரையில் வைத்தால் போதும். யாரும் அவனை ஏமாற்றுக்காரன் என்று சொல்லவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த ஒரு விதிவிலக்கைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் நூற்றுக்கணக்கான கதைகள் கெட்டிருக்கின்றன.

முதலாவதாக, அவன் கைதட்டுவதே ஒரு வட்டம். இரு கைகளும் சேரும்போது அவன் உடல் வளையமாக மூடுகிறது. ஆகவே விதி மீறப்படவில்லை, வரைபலகைதான் மாறியிருக்கிறது. இரண்டாவதாக, தாயை உயிர்ப்பிக்க முயன்ற இரவில் அவனும் தரையில் வரைந்துதான் செய்தான்; அந்த இரவுக்குப் பிறகே கைதட்டல் வருகிறது. மூன்றாவதாக, அப்படிச் செய்யக்கூடியவர்கள் எல்லோரையும் பாருங்கள். எட்வர்டுக்குக் கால் போயிற்று, தம்பியின் உயிருக்காகக் கையும் போயிற்று. அவனுடைய ஆசிரியை இசூமிக்கு உள்ளுறுப்புகள் போயின. அல்ஃபோன்ஸுக்கு உடலே போயிற்று. அவன் நெடுநாள் கைதட்டாமல் வரைந்துகொண்டிருந்ததற்குக் காரணம், அன்று கண்டது அவன் நினைவில் இல்லாததுதான், நினைவு திரும்பியதும் அவனும் தட்டுகிறான். பிற்பகுதியில் மஸ்டாங் கைதட்டும்போது அவன் கண்களில் பார்வை இல்லை. கதையை முடிக்காதவர்கள் என்னை மன்னிக்க வேண்டும், ஆனால் இதைச் சொல்லாமல் விளக்க முடியாது: இவர்கள் ஒவ்வொருவரிடமும் ஏதோ ஒன்று இல்லை. வட்டத்தை வரையும் நேரத்தை மிச்சப்படுத்துவதற்கான விலையை அவர்கள் முன்பே கட்டிவிட்டார்கள்.

உங்கள் கதாநாயகி எதையும் கட்டவில்லை. வாசகர் கேட்டது இதைத்தான். ‘ஏமாற்று வேலை’ என்பது அவருக்குக் கிடைத்த சொல்.

இதற்காக முப்பது பக்க ‘உலக விதி ஆவணம்’ எழுத உட்காராதீர்கள். ஒரு போட்டிக்கு நான் கதை அனுப்பியபோது, முதல் பக்கத்தைப் படிப்பதற்கு முன்பே அந்த ஆவணம் எங்கே என்று கேட்டார்கள். ஆவணம் எழுதத் தெரிந்தவர்களே பரிசு வாங்கினார்கள். அவர்களில் வட்டம் வரையும் கையைக் காட்டத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை.

செய்ய வேண்டியது இவ்வளவே. நாற்பதில் மேலே சொன்ன திருட்டு வடிவங்களும் நாஜிச் சின்னங்களும் இருந்தால் அவற்றை மட்டும் மாற்றுங்கள், மற்றவை இருக்கட்டும். இனிமேல் வரும் வட்டங்களை முழுதாக ஒரு பெரிய பேனலில் ஒட்டாமல் மூன்று சிறிய பேனல்களாக உடையுங்கள்: முதலில் சுண்ணக்கட்டியைப் பிடித்த விரல்களும் வளைந்து வரும் கோடும்; அடுத்ததில் கோட்டின் இரண்டு முனைகளுக்கும் நடுவே கட்டைவிரல் அகலத்துக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளியும் அதன்மேல் விழும் எதிரியின் நிழலும்; மூன்றாவதில் அவள் முகம் மட்டும். வட்டம் மூடியதா என்று தெரிந்துகொள்ள வாசகர் அடுத்த பக்கத்துக்கு வருவார்.

9ஆம் அத்தியாயத்தைத் தொடவே தொடாதீர்கள். அடுத்த அத்தியாயத்தில் அவள் சாப்பிட உட்காரும் ஒரு காட்சி வையுங்கள். எப்போதும் வலக் கையால் சுண்ணக்கட்டி பிடித்தவள் இப்போது கரண்டியை இடக் கையில் பிடித்திருக்கட்டும். வலக் கை மேசைமேல், கொதிக்கும் கிண்ணத்தை ஒட்டியபடி, சுடுவதே தெரியாமல் கிடக்கட்டும். எதிரே இருப்பவர் அதைப் பார்க்கட்டும். காரணத்தை 12ஆம் அத்தியாயம் வரை எழுதாதீர்கள்.