நாட்டைப் போருக்குள் இழுத்த தலைவர்களை மக்கள் தட்டிக்கேட்க முடியுமா?

கேள்வி இதுதான்: "நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர், தப்பான காரணத்தைச் சொல்லி நாட்டை ஒரு போருக்குள் இழுத்துவிட்டால் சாதாரண மக்கள் என்ன செய்ய முடியும்? அடுத்த தேர்தல் வரும்வரை காத்திருப்பதுதான் ஒரே வழியா?"

காத்திருக்க வேண்டியதில்லை. தேர்தலை மட்டும் நம்பி இருந்தவர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைத்ததில்லை. விடாப்பிடியாகக் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்குத்தான் கிடைத்திருக்கிறது. எந்தத் தலைவரும் சிறைக்குப் போகவில்லை. யார், எப்போது, எதை நம்பி முடிவெடுத்தார் என்று எழுத்தில் ஒரு பதில் கிடைத்தது, அவ்வளவுதான். இது போதாது என்பீர்கள். போதாதுதான். ஆனால் அப்படி எழுத்தில் வந்த பதிலுக்கு அடுத்த போரைத் தடுக்கும் வலு உண்டு என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

அமெரிக்காவும் பிரிட்டனும் 2003இல் தொடங்கிய ஈராக் போரையே எடுத்துக்கொள்கிறேன். இதில் குடிமக்கள் நெடுந்தூரம் போய்ப் பார்த்த நாடு பிரிட்டன். 2003 பிப்ரவரி 15 அன்று லண்டன் தெருக்களில் பல லட்சம் பேர் திரண்டார்கள். அடுத்த மாதம் 17ஆம் தேதி மூத்த அமைச்சர் ராபின் குக் பதவி விலகினார். 18ஆம் தேதி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு: போருக்கு ஆதரவாக 412, எதிராக 149. ஒன்றிரண்டு நாளில் குண்டு விழ ஆரம்பித்தது. பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று சொல்லித்தான் போனார்கள். அப்படிப்பட்ட இருப்பு எதுவும் அங்கே இல்லை என்று 2004 அக்டோபரில் அமெரிக்காவின் சொந்த ஆய்வுக் குழுவே அறிக்கை கொடுத்தது.

சரி, மக்கள் தேர்தலில் தண்டித்தார்களா? 2005 மே மாதம், போருக்கு இழுத்துப்போன பிரதமர் டோனி பிளேர் மறுபடியும் ஜெயித்தார். பெரும்பான்மை 66 இடங்களாகச் சுருங்கியது, ஆனாலும் ஆட்சி அவர் கையில்தான். இதற்காக அந்த ஊர் வாக்காளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு வாக்குக்குள் மருத்துவமனை, பள்ளிக்கூடம், வரி, வேலை எல்லாவற்றையும் அடக்கியாக வேண்டியிருக்கிறது. போர் அதில் ஒரு மூலையில்தான் இருக்கும். அதோடு, எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியும் போருக்கு ஆதரவாகக் கை தூக்கியிருந்தது. ஆளும் கட்சி மேல் கோபம் என்றால் யாரிடம் போவது?

அந்தத் தேர்தலில் ஒருவர் செய்த காரியத்தை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ரெக் கீஸ் என்று ஒரு அப்பா. இவர் மகன் டாம், ராணுவக் காவல் பிரிவில் இருந்தவர், வயது 20. 2003 ஜூன் 24 அன்று மஜர் அல்-கபீர் என்ற ஊரில் ஒரு காவல் நிலையத்தில் கூட இருந்த ஐந்து பேரோடு கொல்லப்பட்டார். ரெக் கீஸ் நேராகப் பிளேரின் சொந்தத் தொகுதியான செட்ஜ்ஃபீல்டில் சுயேச்சையாக நின்றார். கிடைத்தது 4,252 வாக்குகள். ஜெயிப்பதற்காக அவர் நிற்கவில்லை. பிரிட்டனில் முடிவு அறிவிக்கும்போது எல்லா வேட்பாளர்களும் ஒரே மேடையில் நிற்பது வழக்கம். பிரதமர் பின்னால் நிற்க, இவர் ஒலிபெருக்கி முன் வந்து, இறந்தவர்களின் குடும்பங்களிடம் பிரதமர் ஒருநாள் மன்னிப்புக் கேட்பார், காயம்பட்டுக் கிடக்கும் வீரர்களை மருத்துவமனையில் போய்ப் பார்ப்பார் என்று நம்புவதாகச் சொன்னார். பிளேர் நகர முடியாமல் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. தோற்ற ஒரு வேட்பாளர் தேர்தலை இவ்வளவு நன்றாகப் பயன்படுத்தி நான் கண்டதில்லை.

நீதிமன்ற வழி அநேகமாக மூடியே கிடந்தது. போரின் சட்டபூர்வம் பற்றி விசாரணை வேண்டும் என்று வீரர்களின் தாய்மார் போட்ட வழக்கை 2008இல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தள்ளுபடி செய்தது. பிளேர் மேல் தனிநபர் வழக்கு போட ஈராக்கின் முன்னாள் தளபதி ஒருவர் முயன்றபோது, ஆக்கிரமிப்புப் போர் என்ற குற்றமே இங்கிலாந்துச் சட்டத்தில் இல்லை என்று 2017இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

திறந்தது விசாரணைக் குழு என்ற கதவு. அதுவும் தானாகத் திறக்கவில்லை. 2004இலேயே இரண்டு விசாரணைகள் முடிந்திருந்தன. இரண்டும் குறுகியவை, குடும்பங்களுக்குத் திருப்தி இல்லை. விடாமல் நச்சரித்தார்கள். 2009இல் கார்டன் பிரவுன் பிரதமராக இருந்தபோது ஜான் சில்காட் தலைமையில் குழு அமைந்தது. முதலில் மூடிய அறைக்குள் நடத்துவதாகத்தான் திட்டம். எதிர்ப்பு கிளம்பியதால் பெரும்பகுதி பொதுவில் நடந்தது. 2010 ஜனவரியில் பிளேரே வந்து உட்கார்ந்து ஒருநாள் முழுக்கப் பதில் சொன்னார். அப்புறம் அறிக்கை வரவில்லை, வரவேயில்லை. 2015இல், தேதி சொல்லாவிட்டால் நீதிமன்றம் போவோம் என்று குடும்பங்கள் மிரட்ட வேண்டியிருந்தது. 2016 ஜூலை 6 அன்று வெளிவந்தது: 12 தொகுதிகள், 26 லட்சம் சொற்கள். முழுத் தொகுப்பின் விலை 767 பவுண்டு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற நிலை இருந்தது, கண்டனம் எழுந்த பிறகு அவர்களுக்கு இலவசம் என்றார்கள்.

உள்ளே என்ன இருந்தது? அமைதி வழிகள் தீருமுன்பே போருக்குப் போனார்கள், அந்த நேரத்தில் அது கடைசி வழி இல்லை, உளவுத் தகவல்களை இல்லாத உறுதியோடு மக்கள் முன் வைத்தார்கள் என்று எழுதியிருந்தது. 2002 ஜூலை 28 அன்று, போருக்கு எட்டு மாதம் முன்பே, "எது வந்தாலும் உங்களோடு இருப்பேன்" என்று பிளேர் அமெரிக்க அதிபர் புஷ்ஷுக்கு எழுதிய குறிப்பும் வெளியே வந்தது. ஈராக்கில் இறந்த 179 பிரிட்டிஷ் வீரர்களின் குடும்பங்களுக்கு அந்த ஒரு வரிதான் தேவைப்பட்டது. மக்களிடம் "இன்னும் முடிவெடுக்கவில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் உள்ளே என்ன பேச்சு ஓடியது என்று அதைப் படித்தால் யாருக்கும் புரியும்.

ஈராக்கியர்களின் கணக்கு வேறு. பிளேருக்கு எதிராகவோ புஷ்ஷுக்கு எதிராகவோ வாக்களிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. பாஸ்ராவில் ஓட்டல் வரவேற்பாளராக வேலை பார்த்தவர் பாஹா மூசா. 2003 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராணுவக் காவலில் இறந்தார். உடம்பில் 93 காயங்கள். அவருடைய அப்பா தாவூத் மூசா ஒரு காவல்துறை அதிகாரி, விடவில்லை. வேற்று நாட்டுக்காரர் ஒருவர் லண்டன் நீதிமன்றங்கள் வரை போய்ப் போராடிய பிறகு பொது விசாரணை நடந்து 2011இல் அறிக்கை வந்தது. தடை செய்யப்பட்ட விசாரணை முறைகள் எப்படி மறுபடியும் உள்ளே நுழைந்தன என்று அது விவரமாகச் சொன்னது. ஒரே ஒரு மரணத்துக்கு எட்டு ஆண்டு. மற்ற ஆயிரக்கணக்கானவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இவ்வளவு பாடுபட்டு என்ன மாறியது என்று கேட்டால், நான் காட்டுவது 2013 ஆகஸ்ட் 29. சிரியா மேல் தாக்குதல் நடத்தப் பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கேட்டார். 285க்கு 272 என்று தோற்றார். சில்காட் அறிக்கை அப்போது வெளிவரவில்லை, ஆனால் சாட்சியங்கள் நாட்டுக்கே தெரிந்திருந்தன. விவாதத்தில் எழுந்த உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக ஈராக்கைச் சொன்னார்கள். ஆதாரம் எங்கே, சட்டக் கருத்து எங்கே என்று கேட்டார்கள். கேமரன் அந்த முடிவை ஏற்றுக்கொண்டு பின்வாங்கினார். இரண்டே நாளில் ஒபாமாவும் அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கேட்கப்போவதாக அறிவித்தார். சிரியாவின் கொடுமைகளைத் தடுக்க அது உதவியதா என்பது தனி விவாதம், அதில் எனக்கும் மனச்சங்கடம் உண்டு. ஆனால் 2003இல் பிளேருக்குக் கிடைத்த கண்மூடித்தனமான நம்பிக்கை பத்து ஆண்டு கழித்து இன்னொரு பிரதமருக்குக் கிடைக்கவில்லை.

தமிழர்களாகிய நாம் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 1987இல் இந்திய அமைதிப்படை இலங்கைக்குப் போனது, 1990 மார்ச்சில் திரும்பியது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் இறந்தார்கள். யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே மருத்துவர்களும் தாதியரும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படை சென்னைக்கு வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை, அது ஒரு கண்டனம். ஆனால் யார் முடிவெடுத்தார், எந்தத் தகவலை வைத்து என்று சாட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்டு மக்கள் முன் வைத்த விசாரணை அறிக்கை ஒன்று இந்தியாவில் வரவே இல்லை. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம். அங்கே செத்தவர்களுக்கும் சரி, அனுப்பப்பட்டவர்களுக்கும் சரி, இது பெரிய அநியாயம்.

இனி நம்ம ஊர். ஈராக் போரில் சிங்கப்பூருக்குச் சம்பந்தமே இல்லை என்று இளையவர்கள் பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கா வெளியிட்ட ஆதரவு நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூரும் இருந்தது. படையெடுப்பில் நம் வீரர்கள் இல்லை. ஆனால் 2003 கடைசியிலிருந்து 2008 வரை, மறுசீரமைப்புக்கு உதவி என்ற பெயரில் கடற்படைக் கப்பல்கள், எரிபொருள் நிரப்பும் விமானங்கள், சரக்கு விமானம் என்று மாறி மாறி வளைகுடாவுக்குப் போயின. சிறிய நாடு, பெரிய நட்பு நாட்டை விட்டுக்கொடுக்க முடியாது என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. 1983இல் கிரெனடாவுக்குள் அமெரிக்கா நுழைந்தபோது இதே சிங்கப்பூர் ஐக்கிய நாடுகள் சபையில் அதற்கு எதிராக வாக்களித்தது என்பதையும் கூடவே நினைவில் வைத்திருக்கிறேன்.

கப்பல்கள் வளைகுடாவுக்குப் போய்வந்த அந்தக் காலத்தில், நாடாளுமன்ற உறுப்பினர் நேரில் குறை கேட்கும் எங்கள் தொகுதியின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தமிழ் முதியவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் தொண்டூழியனாக இருந்தேன். புளோக்குக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், கையில் எண் சீட்டு, வீடமைப்புக் கழக வாடகை, அபராதம், வேலை அனுமதி என்று வரிசையாக விஷயங்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா வந்தார். "தம்பி, என் பேரன் கப்பல்ல போறான். அனுப்புறதுன்னு யாரு முடிவு பண்ணா, எதுக்குப் போறான், எப்ப வருவான். இந்த மூணையும் எழுதிக் கொடு" என்றார். "தாத்தா, இது பெரிய இடத்து விஷயமாச்சே" என்றேன். "என் பேரன் எனக்குப் பெரிய விஷயம்ப்பா" என்றார். அப்படியே எழுதினேன். நாடாளுமன்ற உறுப்பினர் அதைப் படித்துவிட்டு, மற்றவர்களைக் காக்க வைத்து அவரிடம் நெடுநேரம் பேசினார். பிறகு எழுத்தில் பதில் வந்தது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் அதில் தெளிவான விடை இருந்தது. முதல் இரண்டுக்கு, ஏற்கெனவே செய்தித்தாளில் வந்த வாசகமே வந்தது. தாத்தா திருப்தியாகவில்லை, அடுத்த மாதமே திரும்பி வந்தார்.

அவர் கேட்ட அந்த முதல் இரண்டு கேள்விகளைத்தான் நாம் கேட்க வேண்டும். நம்மிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கிடையாது. அரசாங்க ரகசியச் சட்டம் உண்டு. பொதுமக்கள் கூடிப் பேசுவதற்கென்று ஒதுக்கிய ஹொங் லிம் பூங்காவில் பேசலாம், ஆனால் 2023 அக்டோபரில் காஸா போர் தொடர்பான கூட்டங்களுக்கு அங்கே அனுமதி தரப்போவதில்லை என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். ஆகவே உறுதியாக மிஞ்சுவது நாடாளுமன்றக் கேள்வி. உறுப்பினர் முன்கூட்டியே எழுத்தில் கேள்வி கொடுத்தால் அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அந்தப் பதில் நாடாளுமன்றப் பதிவேட்டில் ஏறும், இணையத்தில் யாரும் தேடிப் படிக்கலாம். தமிழிலேயே பேசவும் அங்கே உரிமை இருக்கிறது.

உறுப்பினரைப் பார்க்கப் போகும்போது "போர் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அதற்கு அமைச்சர் "நாங்களும் அமைதியையே விரும்புகிறோம்" என்று சொல்லிவிடுவார். எந்தச் சட்ட அடிப்படையில் நம் ஆட்கள் அனுப்பப்படுகிறார்கள், எந்தத் தகவலை நம்பி, என்ன நடந்தால் திரும்ப அழைப்பீர்கள், முடிந்த பிறகு அறிக்கை வருமா என்று கேளுங்கள். ரகசியம் என்றால், எத்தனை ஆண்டு கழித்து வெளியிடுவீர்கள் என்று கேளுங்கள். ரிசர்விஸ்ட் போகும் கணவர், தேசிய சேவையில் இருக்கும் பிள்ளை உள்ள வீடுகளிலிருந்து நாலைந்து பேர் ஒரே கேள்வியோடு வந்தால் எந்த உறுப்பினரும் கவனிப்பார். வந்த பதிலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, சொன்னபடி நடந்ததா என்று ஓராண்டு கழித்து அதே உறுப்பினரிடம் மறுபடியும் எண் சீட்டு எடுங்கள்.