டயரை மாட்டிவிட்டால் திருப்பவே முடியாதா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். போன மாதம் என் காருக்கு 225/45 ஆர்17 அளவில் நான்கு பெர்ஃபார்மன்ஸ் டயர் போட்டேன், 11,600 ரேண்ட். கார் கையேட்டில் உள்ளபடி டபிள்யூ வேகக் குறியீடுதான் வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். ‘இருக்கு, புது ஸ்டாக்’ என்றார்கள். மழையில் ஹிக்கின்சன் ஹைவேயில் வண்டி வழுக்கியது. வேறு கடையில் காட்டினால், எச் டயர், 2018இல் செய்தது என்கிறார்கள். விற்ற கடையோ மாட்டிய டயரைத் திரும்ப வாங்காது என்கிறது.

பதில்: திருப்பலாம். தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008) 20ஆம் பிரிவில், வாங்கியபின் வேறொன்றில் பொருத்திவிட்ட பொருளைத் திருப்ப முடியாது என்று ஒரு விதி உண்டு, அதைத்தான் கடைக்காரர் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் குறையுள்ள பொருளைத் திருப்பும் 56ஆம் பிரிவு உரிமை தனி, அதற்கு இது மாற்று அல்ல என்று அந்த 20ஆம் பிரிவே முதலில் சொல்லிவிடுகிறது. ரசீதின் அடியில் ‘திருப்ப இயலாது’ என்று அச்சடித்திருந்தாலும், அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் இந்த உரிமை போகாது.

56இன்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் பொருளைக் கடையின் செலவிலேயே திருப்பி, பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணமா என்று கேட்கலாம். தேர்வு உங்களுடையது. இங்கே பழுது பார்க்க ஒன்றுமில்லை, பணத்தைக் கேளுங்கள்.

டயரின் வயதை மட்டும் வைத்து வாதாடாதீர்கள். பக்கச் சுவரில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும் (2218 என்றால் 2018இன் 22ஆம் வாரம்), ஆனால் நன்றாகச் சேமித்து வைத்திருந்தோம் என்று கடை சொல்லும், அது நீண்ட சண்டையாகிவிடும். ‘புது ஸ்டாக்’ என்று எழுதியது அவர்களுக்கு எதிரான நல்ல சான்று, 41ஆம் பிரிவு தவறான விவரம் சொல்லி விற்பதைத் தடுக்கிறது. அதைவிடப் பலமானது வேகக் குறியீடு. டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச வேகம் அது, எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், டபிள்யூ என்றால் 270. நம் ஃப்ரீவேயில் 120தானே என்பார்கள், சரி, ஆனால் நீங்கள் எந்தக் காருக்கு, எந்தத் தேவைக்கு என்று சொல்லிக் கேட்டீர்கள், 55(3)இன்படி அதற்குப் பொருந்துகிற பொருளைத் தருவது கடையின் கடமை.

இன்றே நான்கு டயரின் பக்கச் சுவரையும் கிட்டத்தில் படமெடுங்கள், உள்பக்கம் திரும்பியிருக்கும் எழுத்துகளையும் சேர்த்து. இரண்டாவது கடை சொன்னதை அவர்களிடம் எழுத்தில் வாங்குங்கள். பிறகு தேதியிட்டு, பதில் தர பத்து நாள் கொடுத்து, விற்ற கடைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் மோட்டார் துறை ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) புகார் செய்யலாம். 20,000 ரேண்டுக்குள் என்பதால் சிறு வழக்கு நீதிமன்றமும் திறந்திருக்கிறது, அங்கே வக்கீல் வாதாட முடியாது, நீங்களே பேச வேண்டும்.

அதுவரை அந்த டயரில் மழையில் ஓட்டாதீர்கள், குடும்பத்தை ஏற்றிக்கொண்டு என்றால் கட்டாயம் வேண்டாம். இன்ஷூரன்ஸ் பாலிசியில் டயர் பற்றி என்ன நிபந்தனை இருக்கிறது என்றும் படித்துவிடுங்கள். அப்புறம் ஒன்று, ‘செக் பண்ணுகிறோம்’ என்று கடையில் டயரைக் கேட்டால், குறியீடு எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள்.